பெரியம்மா சொன்ன பிரெஞ்சுக் கதை

போன மாதம் விம்பிள்டனில் ஒரு தியேட்டருக்கு மகளோடு படம் பார்க்கப் போயிருந்தேன். பழைய பிரெஞ்சு நாவல் ஒன்றைப் புதிதாகப் படமாக்கியிருக்கிறார்கள், உங்களுக்குப் பிடிக்கும் என்று அவள்தான் ரிக்கெற் எடுத்திருந்தாள். பத்து நிமிடம் போவதற்குள் எனக்குக் கதை பிடிபட்டுவிட்டது. ஆற்றங்கரை ஊர் ஒன்று, அதில் ஒரு வைத்தியரின் பெரிய வீடு, வீட்டுக்குள் இரண்டு சகோதரிகள். மூத்தவள் தபால்காரனிடம் கடிதத்தை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதைச் சட்டைக் கைக்குள் செருகுகிற காட்சி வந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மகள் பதறிக்கொண்டு பின்னால் வந்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே?"

"ஒண்டுமில்லை. இந்தக் கதை எனக்குத் தெரியும்" என்றேன்.

"படம் வெள்ளிக்கிழமைதானே வந்தது" என்றாள்.

எனக்கு அவளிடம் அதற்கு மேல் சொல்ல வரவில்லை. உங்களுக்குச் சொல்லலாம். நீங்களும் என்னைப் போல எண்பதுகளில், ஐந்து ஆறு வயதில், பெரிய ஆட்களின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு இந்த நகரத்தில் வந்து இறங்கியவர்கள். இன்றைக்கு முழங்கால் நோவும் மூக்குக்கண்ணாடியுமாக இருக்கிறோம். தொலைக்காட்சியில் நாலே நாலு சனல் இருந்ததும், ஞாயிறு மாலையில் குதிரை வண்டியும் தொப்பியுமாக ஏதாவது தொடர் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு தொடர்தான் எங்கள் வீட்டை ஒரு உலுக்கு உலுக்கியது. தொடரை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. நானும் இருந்தேன்.

அப்போது நாங்கள் ஸ்ட்ரெதத்தில், கம்பளக் கடை ஒன்றுக்கு மேலே குடியிருந்தோம். புதுக் கம்பளத்தின் பசை மணம் படியேறி வந்து எங்கள் சோற்றிலும் ஏறும். குளிர் தொடங்கினால் ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கம் வியர்க்கும். அதில் விரலால் படம் கீறுவது என் வேலை, பழந்துணியால் துடைப்பது அம்மாவின் வேலை. அப்பா ஒரு பேக்கரியில் ஷிப்ட் வேலை செய்தார். அவர் வீட்டுக்குள் வந்தால் பாணும் ஈஸ்டுமாக மணக்கும். நான் ஒரே பிள்ளை.

அந்த இலையுதிர்காலம் அம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தா. முந்திய வருடம் ஆறாம் மாதத்தில் ஒரு குழந்தை தவறிப்போனதால் டொக்டர் கடுமையாகச் சொல்லியிருந்தார்: பாரம் தூக்கக்கூடாது, படி ஏறி இறங்கக்கூடாது, மனம் பதறக்கூடாது. ஆகவே அம்மா நாள் முழுவதும் முன்னறைச் செற்றியில், காலுக்குக் கீழே இரண்டு தலையணையுடன் கிடப்பா. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்கு மட்டும், அப்பாவின் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்குவா.

வீட்டைப் பார்த்தது பெரியம்மா.

பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. கலியாணம் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் விடுதியில் நின்று படித்து, அங்கேயே ரீச்சராக இருந்தவ. சண்டை மூண்டபோது புறப்பட்டு, லண்டனுக்கு வர வழியில்லாமல் பாரிஸில் மூன்று வருடம் நின்றா. அங்கே ஒரு வயதான பிரெஞ்சுச் சீமாட்டியைப் பராமரிக்கிற வேலை. சீமாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. தினமும் பின்னேரம் ஒரு நாவலை வாசித்துக் காட்டச் சொல்வாவாம். பெரியம்மாவுக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. எழுத்துக்கூட்டி வாசிப்பா, சீமாட்டி திருத்துவா. ஒரே நாவலை மூன்று முறை முடித்ததில் பெரியம்மாவுக்கு மொழி வந்துவிட்டது. சீமாட்டி கண்மூடியபோது அந்தப் புத்தகம் பெரியம்மாவின் பெட்டிக்குள் வந்தது. மேலட்டை இல்லை. முதுகில் நூல் தெரியும். ஓரம் முழுவதும் பென்சிலால் தமிழ்ச் சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம். புரட்டினால் பழைய பவுடர் மணம் வரும். அது இப்போது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. மூன்று வீடு மாறியதில் எங்கோ தவறிவிட்டது.

பெரியம்மா நெடுவல், மெல்லிசு. தோல் பொத்தான் வைத்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்றைக் கழற்றவே மாட்டா. புட்டை நீத்துப்பெட்டியிலிருந்து கொட்டும்போது, இதோ பார் என்பதைப் பிரெஞ்சில் "வுவாலா!" என்பா. பஸ் கண்டக்டருக்கு நன்றிக்குப் பதில் "மெர்சி" சொல்லிவிட்டு நாக்கைக் கடிப்பா. எனக்கு அவவில் அப்படி ஒரு பிடிப்பு.

செப்டெம்பர் மாதம் தொலைக்காட்சியில் புதுத் தொடருக்கு விளம்பரம் போனது. பெரியம்மா கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவ, அப்படியே கத்தியோடு முன்னறைக்கு வந்து நின்றுவிட்டா.

"இது என்ரை கதை" என்றா.

"என்னக்கா, உங்கடை கதையை ரீவியிலை போடுறாங்களோ?" என்று அம்மா சிரித்தா.

"என்ரை புத்தகத்துக் கதை. அந்த வீடு, அந்த ஆறு. பிள்ளை, எத்தினை மணிக்கெண்டு பார்."

எட்டு வாரம் போகுமென்று போட்டார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் பெரியம்மா எனக்குத் தலைபின்னும்போது அடுத்தநாள் வரப்போகிற கதையை முன்கூட்டியே சொல்லுவா. ஞாயிறு மாலை எல்லாரும் தொடர் பார்ப்போம். அதில் பேசுகிற ஆங்கிலம் அம்மாவுக்கு ஓடாது, பெரியம்மாவுக்கும் அரைகுறை. எனக்கு ஆங்கிலம் தெரியும், கதை தெரியாது. நான் வசனத்தைச் சொல்ல, பெரியம்மா கதையைச் சொல்ல, இரண்டையும் சேர்த்து அம்மா பார்ப்பா.

"இப்ப என்னவாம் சொல்லுறாள்?"

"தனக்குக் களைப்பா இருக்காம், படுக்கப் போறாவாம்."

"பொய். புத்தகத்திலை அவள் அந்த இடத்திலை வாயே திறக்கிறேல்லை" என்பா பெரியம்மா.

கதை இதுதான். வைத்தியர் சாகும்போது வீட்டை இளையமகளுக்கு எழுதிவைக்கிறார். இளையவளுக்குக் கணவன் உண்டு, பிள்ளைகள் உண்டு. மூத்தவளுக்குச் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, வீட்டின் சாவிக்கொத்து, எல்லாருடைய அனுதாபம். அவள் சிரித்த முகத்தோடு வேலை செய்வாள். ஆனால் வீட்டுக்கு வரும் கடிதங்களை ஒவ்வொன்றாக ஒளிப்பாள். கணவனுக்கு வந்த கடிதம், மகனுக்கு வந்த கடிதம். ஒருவரோடு ஒருவர் சந்தேகப்பட்டு, சண்டை பிடித்து, கடைசியில் அந்த வீடே உடைந்துபோகும்.

தொடரில் அவள் தோன்றும்போதெல்லாம் வயலின் கீச்சிடும். கண்ணுக்குக் கீழே கறுப்புப் பூசியிருந்தார்கள். பெரியம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"பாவி மக்கள், அவளின்ரை நியாயத்தை வெட்டிப்போட்டாங்கள்" என்று தலைபின்னுகிற கையை நிறுத்திவிட்டுச் சொன்னா. "முதல் கடிதத்தை அவள் கெட்ட எண்ணத்திலை எடுக்கேல்லை, பிள்ளை. அந்த வீட்டிலை அவளின்ரை பேருக்கு ஒரு கடிதமும் வாறேல்லை. ஒரு நாளைக்கு, ஒரே ஒரு பகலுக்கு, ஒரு கடிதம் தன்ரை கையிலை இருக்கட்டும் எண்டு நினைச்சாள். பின்னேரம் குடுக்கத்தான் நினைச்சாள். குடுக்க ஏலாமல் போச்சுது. ரீவிக்காரனுக்கு இதைக் காட்ட நேரமில்லையாம்."

எனக்குப் பத்து வயது. வயலின் கீச்சிட்டால் கெட்டவள் என்பதுதான் எனக்கு விளங்கியது.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இடையில் என்ன இருந்தது என்று அந்த வயதில் யார் யோசித்தார்கள்? பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது மற்றப் பெண்கள் அம்மாவின் காதோடு கதைப்பது எனக்குக் கேட்கும். "அக்காவை வீட்டிலை வைச்சிருக்கிறீர். கவனம். கலியாணம் இல்லாததுகளுக்கு மனசுக்குள்ளை எரிச்சல் இருக்கத்தானே செய்யும்." அம்மா கேட்டுக்கொண்டு நிற்பா. வீட்டுக்கு வந்ததும் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்பா. சாமான்களை ஏன் இடம் மாற்றி வைத்தீர்கள் என்பா. பெரியம்மா மாற்றி வைப்பா.

எரிச்சல் பெரியம்மாவுக்கு என்று ஊர் நினைத்தது. இப்போது யோசித்தால், எரிச்சல் அம்மாவுக்குத்தான் இருந்தது. அக்காவை விடுதியில் விட்டுப் படிப்பித்தார்கள். தங்கைக்குப் பதினாலு வயதில் படிப்பை நிறுத்தி, நோயாளித் தாயைப் பார்க்க வீட்டில் வைத்துக்கொண்டார்கள். கலியாணமும் பிள்ளையும் அம்மாவுக்குக் கிடைத்தன என்று எல்லாரும் கணக்கை முடித்துவிட்டார்கள். அம்மா முடிக்கவில்லை. இப்போது செற்றியில் கிடந்துகொண்டு, தன் சமையலறையில் படித்த அக்கா தட்டுமுட்டுச் சாமான் சத்தம் எழுப்புவதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த நாட்களில் பெரியம்மாவில் ஒரு மாற்றம் வந்தது. தேநீருக்குச் சீனி போடுவதை நிறுத்தினா. வெள்ளிக்கிழமை மட்டுமென்று இல்லாமல் எந்த நாளும் மீனோ இறைச்சியோ, ஒரு மச்சமும் சாப்பிடாமல் விட்டா. விடிகாலையில் எழுந்து தினப்பூசைக்குப் போய்வந்தா. ஒருநாள் அடுப்படியில் நின்று அழுவதைக் கண்டு "ஏன் பெரியம்மா?" என்றேன். "வெங்காயம்" என்றா. பலகையில் இருந்தது பீற்றூட்.

"அக்கா இப்பதான் கன்னியாஸ்திரி ஆகப்போறா போலை" என்று அம்மா அப்பாவிடம் பகிடியாகச் சொன்னா. அப்பா சிரிக்கவில்லை. சப்பாத்து நாடாவை நெடுநேரம் குனிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்து கடிதம் வராததும் அம்மாவுக்கு ஒரு பெரிய யோசனை. தபால் வாரக்கணக்கில் வராது, வந்தால் ஒரே நாளில் நாலைந்து வரும். "ஐயாவிட்டையிருந்து ஒரு வரி இல்லை" என்று தினமும் சொல்லுவா. ஐயா என்றது அவர்களுடைய தகப்பன், என் தாத்தா.

ஐந்தாவது ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை. பெரியம்மாவோடு எனக்குக் கோபம். சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போட என்று அவவுடைய கம்பளிச் சட்டையைக் கேட்டேன், தரமாட்டேன் என்றுவிட்டா. அவ கடைக்குப் போன நேரம் அறைக்குள் போய், சட்டையைத் தேடினேன். அது அவவின் தோளிலேயே போயிருந்தது. பிரெஞ்சுப் புத்தகம்தான் இருந்தது. விரித்தேன். நடுவில் மடித்த ஒரு நீல எயார்மெயில் கடிதம். எங்கள் ஊர் முத்திரை. எனக்குத் தமிழ் வாசிப்பு அப்போது மட்டமட்டம். அன்புள்ள என்பதற்கு மேல் எழுத்துக்கூட்ட முடியவில்லை. இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மாலை. அப்பா பின்னேர ஷிப்ட். தொடரில் மூத்தவள் ஒளித்த கடிதங்களை அறையில் பரப்பிவைத்து எண்ணுகிற காட்சி. பெரியம்மா தேநீர் போட உள்ளே போயிருந்தா.

"என்ன பாவம் பிடிச்சவள். சொந்த வீட்டுக்குள்ளை இப்பிடிச் செய்வாளோ ஒருத்தி?" என்றா அம்மா.

"பெரியம்மாவும் ஒரு கடிதம் ஒளிச்சு வைச்சிருக்கிறா" என்றேன் நான்.

ஏன் சொன்னேன்? சட்டைக் கோபம் கொஞ்சம். பெரிய ஆட்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற பெருமை மிச்சம்.

அம்மா என்னையே பார்த்தா. "எடுத்துக்கொண்டு வா" என்றா.

ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா விரித்து வாசித்தா. சின்னக் கடிதம்தான், ஆனால் திரும்பத் திரும்ப வாசித்தா. தொலைக்காட்சியில் வயலின் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பெரியம்மா தட்டில் மூன்று கோப்பையோடு வந்தவ, அம்மாவின் கையில் நீலத்தைக் கண்டதும் நின்றா. தட்டை மெதுவாகத் தரையில் வைத்தா.

"இது எப்ப வந்தது?"

"செப்டெம்பரிலை."

"ஐயா கண்மூடி இரண்டு மாசம். நான் இஞ்சை கிடந்து அவரின்ரை கடிதத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன்." அம்மாவின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஆரைக் கேட்டு ஒளிச்சனீங்கள்?"

பெரியம்மா வாசல் கதவைப் பார்த்தா. பிறகு அம்மாவைப் பார்த்தா. "ஆரையும் கேக்கேல்லை" என்றா.

"எல்லாரும் சொல்லேக்கை நான் நம்பேல்லை. என்ரை அக்கா அப்பிடியில்லை எண்டு இருந்தன். ஐயாவையும் நீங்கள் தனிய வைச்சிருந்தீங்கள், என்ன? படிப்பு மாதிரி."

பெரியம்மாவின் முகம் அப்போது போன போக்கை என்னால் இன்றைக்கும் சொல்லில் வைக்க முடியாது. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

அப்பா வேலையால் வந்ததும் அம்மா கடிதத்தை அவர் முன்னால் நீட்டினா. அப்பா அதைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற பெரியம்மாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். "நடந்தது நடந்துபோச்சு, நீர் மனசைக் குழப்பாதையும்" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை பெரியம்மா வெளிக்கிட்டா. பாரிஸில் ஒன்றாக இருந்த சிநேகிதி ஒருத்தி குட்மேய்ஸில் இருந்தா, அங்கே. என் கன்னத்தைத் தட்டிவிட்டு "தலையைச் சீராப் பின்னு" என்றா. அப்பா பெட்டியைப் பஸ் நிற்கும் இடம்வரை காவினார். ஜன்னல் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருவரும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்ததும் அப்பா தொப்பியைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு நடந்த அதிசயத்தைச் சொல்லவேண்டும். மனம் பதறினால் பிள்ளை போய்விடும் என்று அம்மாவை எல்லாரும் கண்ணாடிப் பாத்திரம் போலத் தூக்கி வைத்திருந்தோமே, அம்மா செவ்வாய்க்கிழமை எழுந்து சமைத்தா. அழுதுகொண்டே சமைத்தா. கறி ருசியாக இருந்தது. டொக்டர் பார்த்துவிட்டுப் பிள்ளை நன்றாக வளர்கிறது என்றார். அம்மா கோயிலில் தாத்தாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தா. யாருடைய தோளும் தேவைப்படவில்லை. அழுகிற உரிமையை மட்டும்தான் அவவுக்கு நாங்கள் கொடுக்காமல் இருந்திருக்கிறோம்.

வீடு மட்டும் வீடாக இல்லை. என் தலைப்பின்னல் கோணிக்கொண்டு நின்றது. புட்டுக் கொட்டும்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குள் போயிருந்து அழுதுவிட்டு வருவேன். அம்மா ஆறாம் வாரமும் ஏழாம் வாரமும் தொடரை விடாமல் பார்த்தா. நான் வசனத்தைச் சொன்னேன். கதையைச் சொல்ல ஆள் இல்லை.

எட்டாவது ஞாயிறு, கடைசிப் பாகம். வீட்டில் எல்லாரும் பிரிந்து போய்விட்டார்கள். மூத்தவள் வெறும் வீட்டில், ஒவ்வொரு அறையாகச் சாவி போட்டுத் திறந்து பார்த்துக்கொண்டு திரிகிறாள். அப்பா அன்று காலை ஷிப்ட் முடித்து, மாக்கறை படிந்த உடுப்போடு கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வேணும். வீட்டைக் குலைச்சவள் தனியத்தான் கிடக்கவேணும்" என்றா அம்மா.

அப்பா நடந்து வந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். "முடியேல்லை, அப்பா!" என்று கத்தினேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"மச்சாள் ஒளிக்கேல்லை" என்றார். "கடிதம் என்ரை கையிலைதான் வந்தது. படியிலை வைச்சே வாசிச்சிட்டன். பிள்ளை பிறக்கும் மட்டும் உமக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் அவவைக் கெஞ்சினனான். அவ முதல் மாட்டன் எண்டவ. 'அது அவளின்ரை கடிதம்' எண்டவ. நான்தான் அவவின்ரை கையிலை திணிச்சனான்."

"அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"பயம்" என்றார் அப்பா. அவர் ஐந்தே முக்கால் அடி உயரமான மனிதர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது என்னைவிடச் சின்னவராகத் தெரிந்தார். "நீர் என்னைப் பாத்த பார்வையிலை பயந்துபோனன். அவவும் ஒண்டும் சொல்லேல்லை. அப்பிடியே விட்டிட்டன்."

அம்மா ஏசுவா என்று காத்திருந்தேன். ஏசவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. என்னோடை வா" என்றா. அப்பா "நானும் வாறன்" என்றார். "நீங்கள் வரவேண்டாம். நீங்கள் சமையுங்கோ" என்றா.

ஸ்ட்ரெதத்திலிருந்து குட்மேய்ஸுக்கு லண்டனைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகவேண்டும். பஸ், பாதாள ரயில், பிறகு லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து மேல்நில ரயில். அம்மா ஏழு மாத வயிற்றோடு, அப்பாவின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் என்னைப் பிடித்தபடி நடந்தா. ரயிலில் ஒரு வெள்ளைக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். இல்போர்ட் தாண்டும்போது அம்மா, "என்ன சொல்லித் தொடங்கிறது?" என்றா. என்னிடம் கேட்டதா தனக்குத்தானே கேட்டதா தெரியாது.

தொடங்கத் தேவை வரவில்லை. ஒரே மாதிரி வீடுகளின் வரிசையில் இலக்கம் தேடிக் கதவைத் தட்டினோம். பெரியம்மாதான் திறந்தா. அம்மாவின் வயிற்றைப் பார்த்தா, கோட்டைப் பார்த்தா.

"உனக்கென்ன விசரே? இந்தக் குளிருக்குள்ளை, இந்த வயித்தோடை! அந்த மனுசன் எங்கை?"

"அந்த மனுசன் எல்லாம் சொல்லிப்போட்டார்" என்றா அம்மா.

சிநேகிதி வேலைக்குப் போயிருந்தா. சமையலறையில் மேசைக்கு இருபுறமும் இருவரும் இருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். முதலில் நான்தான் உடைந்தேன். "நான்தான் காட்டிக்குடுத்தனான் பெரியம்மா" என்று விம்மினேன். பெரியம்மா என்னை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. பத்து வயதுப் பிள்ளை, கால் தரையில் இழுபட்டது.

"நீ செய்தது பிழையில்லை. அது அம்மாவின்ரை கடிதம். கையிலை குடுக்காமல் வைச்சிருந்தது நாங்கள்."

"அண்டைக்கு ஏனக்கா சொல்லேல்லை, அவர்தான் எண்டு?" என்றா அம்மா.

"சொன்னா நீ ஆரோடை இருக்கிறது? என்னைக் கோவிச்சுக்கொண்டு நீ இருக்கலாம். வயித்திலை பிள்ளையோடை அவரைக் கோவிச்சுக்கொண்டு எங்கை போவாய்?"

அம்மா மேசையில் நெற்றியை வைத்தா. பிறகு பெரியம்மா, சொல்லத் தேவையில்லாத ஒன்றைச் சொன்னா. அதற்காகத்தான் இவ்வளவும் உங்களுக்குச் சொல்லவந்தேன்.

"ஆனால் நீ சொன்னதிலையும் கொஞ்சம் உண்மை இருக்கு. படிப்பு மாதிரி எண்டனியே. உண்மையைச் சொல்லட்டே? ஐயா போன துக்கம் அந்த இரண்டு மாசமும் எனக்கு மட்டும் இருந்தது. கோயிலிலை போயிருந்து தனிய அழேக்கை, அவர் எனக்கு மட்டும் தகப்பன் மாதிரி இருந்தது. சின்னனிலையிருந்து அவர் உன்னோடைதானே இருந்தவர். நான் விடுதியிலை. லீவுக்கு வந்தா விருந்தாளி. நீ அவரின்ரை முதுகிலை ஏறி இருப்பாய், நான் பாத்துக்கொண்டு நிப்பன். குடுக்கவேணும் குடுக்கவேணும் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு எண்டன்."

அம்மா தலையை நிமிர்த்தினா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நீங்கள் விடுதியிலை இருந்து வரேக்கை, ஐயா என்னைப் பாத்துச் சொல்லுவார், அக்காவைப் போலை இரு, அக்காவைப் போலை கதை எண்டு. நான் எத்தினை நாள் உங்கடை வெள்ளைச் சப்பாத்தைக் கிணத்துக்குள்ளை போட நினைச்சனான் தெரியுமே?"

"போட்டனீதானே ஒருக்கா!"

"ஒண்டைத்தான் போட்டனான்."

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. ஐயா, ஐயா என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, ஊரில் செத்தவீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுதார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சுவரில் தட்டினார்கள். பெரியம்மா அழுகைக்கு நடுவே "மன்னிக்கவும்" என்று பிரெஞ்சில் கத்தினா. மறுபடி அழுதார்கள்.

அன்றைக்கே பெரியம்மா எங்களோடு திரும்பிவந்தா. வீட்டில் அப்பா சமைத்து வைத்திருந்தார். பருப்பு அடிப்பிடித்திருந்தது. பெரியம்மாவுக்கு முன்னால் போய் நின்று, "மச்சாள், நான்..." என்று தொடங்கினார். "முதல் சட்டியை ஊற வையுங்கோ" என்றா பெரியம்மா. அப்பாவை அதற்குப் பிறகு ஒருநாளும் அவ குத்திக்காட்டியதில்லை. அம்மா குத்திக்காட்டினா, வருடத்துக்கு இரண்டு முறையாவது.

தை மாதத்தில் தங்கச்சி பிறந்தாள். நாற்பது நாளும் பெரியம்மா அம்மாவுக்குத் தண்ணி வார்த்து, பத்தியக் கறிக்குக் காயம் அரைத்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தா. நாற்பத்தோராம் நாள், கோயில் பங்குப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தனக்கு வேலை கிடைத்திருக்கிறதென்றும், பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு அறை பார்த்துவிட்டதாகவும் சொன்னா.

அம்மா இடிந்துபோனா. "இன்னும் மனசிலை வைச்சிருக்கிறா" என்று என்னிடம் சொல்லி அழுதா. அப்பா எங்கள் பெரிய அறையையே தருகிறேன் என்றார்.

"எனக்கு ஒருதரோடையும் கோவமில்லை" என்றா பெரியம்மா. "விடுதி, மடம், சீமாட்டி வீடு, உங்கடை வீடு. எனக்கு நாப்பத்திநாலு வயசு. என்ரை கதவை ஒருக்கா நானே பூட்டித் திறக்கவேணும். விளங்குதே?"

அம்மாவுக்கு விளங்கவில்லை. அக்கா கோபத்தில்தான் போகிறா என்று அன்று நம்பினா. ஆனாலும் ஒரு சனிக்கிழமைப் பகல், தானே தைத்த மஞ்சள் திரைச்சீலையை எடுத்துக்கொண்டு, தங்கச்சியையும் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போனா. மூன்றாம் மாடி. ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு அடுப்பு, பெரிய ஜன்னல். இருவரும் கதிரையில் மாறி மாறி ஏறி, சண்டை பிடித்துச் சண்டை பிடித்துத் திரைச்சீலையை மாட்டினார்கள். தேநீர் குடித்தோம். பெரியம்மா சீனி இரண்டு கரண்டி போட்டுக்கொண்டா. பிறகு வாசலில் நின்று எங்களுக்குக் கை காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினா. உள்ளே பூட்டில் திறப்பைத் திருப்பும் சத்தம் கேட்டது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினா. முதல் வளைவு தாண்டவில்லை, மேலேயிருந்து குரல் வந்தது. பாட்டு. மாதா பாட்டோ பிரெஞ்சுப் பாட்டோ, சொல் தெளிவில்லை. ஆனால் தாராளமாக, அறை நிறைய, யாரும் கேட்கிறார்களோ என்ற நினைப்பே இல்லாமல் வந்த குரல். எங்கள் வீட்டில் இருந்த ஒரு வருடத்தில் பெரியம்மா ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை.

அம்மா படியிலேயே இருந்துவிட்டா. "அக்கா பாடுறா" என்றா. "பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவிலை ஒருக்காப் பாடினவ. எனக்கு ஏழு வயசு. அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான்."

நான் மேலே ஓடிப்போகத் திரும்பினேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தா.

"போகாதை. நாங்கள் நிக்கிறம் எண்டு தெரிஞ்சா நிப்பாட்டிப்போடுவா."

தங்கச்சி அம்மாவின் மடியில் விழித்துக்கொண்டு கிடந்தாள். கீழே தெருவில் எங்கள் பஸ் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. அதை விட்டோம். அதற்கடுத்ததையும் விட்டோம்.